ஆன்லைன் செஸ்ஸில் ஒரு ஆளுக்கு எத்தனை அக்கவுண்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித் தருகிறேன். ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி என்று தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு வாரநாள் மாலையில் ஆன்லைன் வகுப்பு. பிள்ளைகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர், வேலை முடிந்த பிறகு ஆடுகிற ஐ.டி. தம்பிகள் என எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது இந்த இரண்டாவது அக்கவுண்ட் பற்றித்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

மேடம், ரெண்டு அக்கவுண்ட் வச்சுக்கலாமா, கூடாதா? நேரா சொல்லுங்க.

வேண்டாம். பத்து பேர் காரணம் சொன்னால் ஒன்பது பேரின் காரணத்துக்கு ஒரே அக்கவுண்டிலேயே வழி இருக்கிறது. மிச்சம் இருக்கிற சில நியாயமான காரணங்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டால், என் அளவுகோல் இதுதான். நேரில் ஆடும்போது எதிராளியின் முகம் தெரியும், வயது தெரியும், பக்கத்துப் பலகையில் அவர் முந்தின சுற்றில் எப்படி ஆடினார் என்று பார்த்திருப்போம். ஆன்லைனில் அவரைப் பற்றித் தெரிவது ரேட்டிங் என்கிற, ஆட்டத்தின் பலத்தைக் காட்டும் ஒரு எண் மட்டுமே. அதை நம்பித்தான் அவர் தன் பத்து நிமிடத்தைத் தருகிறார். உங்கள் பெயரை அவரிடம் மறைக்கலாம், அது உங்கள் உரிமை. உங்கள் பலத்தை மறைக்கக் கூடாது.

தளங்களோட ரூல் என்ன சொல்லுது?

செஸ் டாட் காம் என்கிற ஆன்லைன் செஸ் தளத்தில் ஒருவருக்கு ஒரே அக்கவுண்ட். புதிதாகத் தொடங்க ஆசை என்றால் பழையதை மூடிவிட்டுத் திறக்க வேண்டும்.

லிசெஸ் என்கிற இன்னொரு தளம் கொஞ்சம் தாராளம். ஒன்றுக்கு மேல் வைத்திருப்பதையே குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் இஷ்டத்துக்குத் திறந்துகொண்டே போனாலோ, தடையிலிருந்து தப்பிக்கத் திறந்தாலோ, ரேட்டிங்கை வேண்டுமென்று ஏற்றி இறக்கினாலோ, ஒரே போட்டிக்குள் இரண்டு பெயரில் நுழைந்தாலோ நடவடிக்கை வரும். விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். ஆகவே உங்கள் தளத்தின் விதிப் பக்கத்தை ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள், பிள்ளைக்கும் படித்துக் காட்டுங்கள்.

புல்லட் ஆடினா என் ரேட்டிங் கெட்டுப்போகுது. அதுக்கு மட்டும் தனியா ஒண்ணு திறக்கலாமா?

தேவையே இல்லை. இரண்டு தளங்களிலும் புல்லட் (ஒன்றிரண்டு நிமிட ஆட்டம்), பிளிட்ஸ் (மூன்று, ஐந்து நிமிட ஆட்டம்), ராபிட் (பத்து நிமிடம் போன்ற நிதானமான ஆட்டம்) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேட்டிங். நீங்கள் ஒரு நிமிட ஆட்டத்தில் எவ்வளவு தோற்றாலும் பத்து நிமிட ஆட்டத்தின் எண் அசையாது. லிசெஸ்ஸில் 960, கிரேசிஹவுஸ் மாதிரி விதி மாற்றி ஆடும் செஸ் வகைகளுக்கும் தனி எண் உண்டு.

வீட்டுல ரெண்டு பசங்க, ஒரே வைஃபை, ஒரே டேப்லெட். ரெண்டு பேருக்கும் ரெண்டு அக்கவுண்ட் இருந்தா தப்பா?

தப்பில்லை. சொல்லப்போனால், இரண்டு பேரும் ஒரே அக்கவுண்டில் ஆடுவதுதான் தப்பு. அண்ணன் ஏற்றி வைத்த ரேட்டிங்கில் தங்கை உட்கார்ந்தால், எதிராளிக்குத் தெரிகிற எண்ணுக்கும் உண்மையான பலத்துக்கும் சம்பந்தம் இருக்காது. ஆளுக்கு ஒன்று திறந்து கொடுங்கள். 13 வயதுக்குக் கீழே என்றால் செஸ்கிட் என்று பிள்ளைகளுக்காகவே ஒரு தளம் இருக்கிறது, அதில் தெரியாதவர்கள் கண்டபடி சாட் செய்ய முடியாது. லிசெஸ்ஸில் கிட் மோடு போட்டால் சாட் மறைந்துவிடும்.

அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஆடும்போது ரேட்டிங் கணக்கில் வராத கேஷுவல் ஆட்டமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே வீட்டிலிருந்து ஒருவர் இன்னொருவரிடம் திரும்பத் திரும்பத் தோற்றால், பார்க்கிறவர்களுக்கு அது புள்ளி கைமாறுவதாகத் தெரியும். ஒருவர் ஆடும்போது மற்றவர் தோளுக்குப் பின்னால் நின்று "குதிரையை எடுடா" என்று சொல்வதும் வேண்டாம். இது அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

பாஸ்வேர்டு மறந்துபோச்சு, அதனால புதுசா திறந்துட்டோம். பரவாயில்லையா?

பழைய மின்னஞ்சல் கையில் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றி மீட்டுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. மீட்கவே முடியாது என்றால் புதியதில் தொடருங்கள், பழையதைத் தொடாதீர்கள். பிள்ளையின் அக்கவுண்டைப் பெற்றோரின் மின்னஞ்சலில் திறந்தால் இந்தப் பிரச்சினை வராது.

தொடர்ந்து தோத்து 200 பாயிண்ட் போயிடுச்சு அக்கா. புதுசா ஆரம்பிச்சா மனசுக்கு நல்லா இருக்கும்ல?

இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும். அந்த வருத்தம் நிஜம், அதை லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் புது அக்கவுண்ட் அதைத் தீர்க்காது. காரணம், இந்த எண் எப்படி உருவாகிறது என்பதில் இருக்கிறது. லிசெஸ் பயன்படுத்துவது கிளிக்கோ 2 என்கிற முறை, செஸ் டாட் காம் அதற்கு முந்தைய கிளிக்கோ. இரண்டையும் உருவாக்கியவர் மார்க் கிளிக்மன் என்கிற புள்ளியியல் அறிஞர். இதில் உங்கள் ரேட்டிங்கோடு, அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்கிற இன்னொரு எண்ணும் சேர்ந்தே ஓடுகிறது. புது ஆள் என்றால் நம்பகம் குறைவு, அதனால் முதல் சில ஆட்டங்களில் எண் தாவித் தாவி ஏறும், இறங்கும். லிசெஸ்ஸில் எல்லாரும் 1500இல் தொடங்குவார்கள், எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும். ஆட ஆடக் கேள்விக்குறி போய்விடும், தாவலும் சுருங்கும்.

அப்படியானால் என்ன ஆகும்? புது அக்கவுண்டில் இரண்டு வெற்றி வந்ததும் எண் பெரிதாக எகிறும், சந்தோஷமாக இருக்கும். வாரம் முடிவதற்குள் அது உங்கள் பலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே வந்து நிற்கும். நடுவில் உங்களிடம் மாட்டியவர்களுக்குப் பொருந்தாத ஆட்டம் கிடைத்ததுதான் மிச்சம்.

பதிலாக நான் சொல்வது: தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால் அன்றைக்கு ரேட்டட் ஆட்டம் முடிந்தது. பசில் போடலாம், தோற்ற ஆட்டத்தை எஞ்சின் (சிறந்த நகர்த்தலைச் சொல்லும் கணினி நிரல்) இல்லாமல் ஒருமுறை புரட்டலாம். எண்ணைப் பார்த்தாலே படபடப்பு வருகிறவர்கள் லிசெஸ் அமைப்பில் ரேட்டிங்கைக் காட்டாதே என்று வைத்துக்கொள்ளலாம். யாருடைய எண்ணும் திரையில் வராது, ஆட்டம் மட்டும் இருக்கும். என்னிடம் படிக்கிற சில பிள்ளைகள் மாதக்கணக்கில் இப்படித்தான் ஆடுகிறார்கள், முன்னேற்றமும் நன்றாகவே இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து மூணு வருஷமா ஆடல. பழைய ரேட்டிங் 1700, இப்ப 1400 கூட வருமான்னு தெரியல. அதே அக்கவுண்ட்ல அடி வாங்கணுமா?

அதே அக்கவுண்டிலேயே ஆடுங்கள். முந்தின பதிலில் சொன்ன நம்பக எண், ஆடாமல் இருக்க இருக்கக் குறைந்துகொண்டே வரும். அதனால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவரின் எண்ணும் வேகமாக நகரும். சில தோல்விகளிலேயே சரியான இடத்துக்கு இறங்கிவிடுவீர்கள். கை பழகும் வரை கேஷுவல் ஆட்டம் ஆடினாலும் சரிதான்.

ஒரு டோர்னமெண்ட்ல எதிராளியோட கோச், என் பையன் ஆன்லைன்ல ஆடின கேம் எல்லாம் எடுத்து வச்சு தயார் பண்ணியிருந்தார். இனிமே ரகசியமா ஒரு அக்கவுண்ட் வேணும்னு பையன் கேக்கறான்.

இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, அலசுகிற ஓப்பனிங் ட்ரீ போன்ற தளத்தில் ஒருவரின் யூசர்நேமைப் போட்டால் போதும். வெள்ளையில் என்ன ஆடுகிறார், எந்த வரிசையில் அதிகம் தோற்கிறார் என்று எல்லாம் விரிந்துவிடும். லிசெஸ்ஸின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரிலேயே ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரரைத் தேடும் வசதி இருக்கிறது. இதில் திருட்டு எதுவும் இல்லை, வெளியே கிடக்கிற ஆட்டங்கள்தானே.

முதல் பாதுகாப்பு யூசர்நேம். பிள்ளையின் முழுப்பெயர், பள்ளியின் பெயர், பிறந்த வருடம் எல்லாம் சேர்த்து வைக்காதீர்கள். புதிதாகப் படிக்கிற ஓப்பனிங்கை முதலில் கோச்சோடும் நண்பர்களோடும் பழகட்டும். லிசெஸ்ஸில் அக்கவுண்டே இல்லாமல்கூட ஆடலாம், எதிரே வருகிறவரும் பெயரில்லாதவர்தான். குறிப்புகளை ஸ்டடி வசதியில் தனிப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் செய்த பிறகும் தேவை என்றால், லிசெஸ்ஸில் பெயர் தெரியாத இரண்டாவது அக்கவுண்ட் வைத்துக்கொள்ளட்டும். அதிலும் முழு பலத்தோடு ஆடி, ரேட்டிங் அதன் இடத்துக்குப் போக விட வேண்டும். செஸ் டாட் காமில் இதற்கு இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் இப்போதுதான் வாங்கியிருக்கிற பிள்ளைக்கு (2024 மார்ச்சிலிருந்து அந்த ரேட்டிங்கே 1400இல்தான் தொடங்குகிறது) ரகசியத்தால் கிடைக்கிற லாபம் மிகக் குறைவு. எல்லா ஆட்டமும் ஒரே இடத்தில் இருப்பதால் கிடைக்கிற லாபம் பெரிது. அந்தக் கோச் செய்த வேலையை உங்கள் பையனுக்கு நீங்களே செய்து பாருங்கள். காரோ கான் என்கிற ஓப்பனிங்கில் அட்வான்ஸ் என்கிற வகை வந்தால் மட்டும் தோற்கிறான், கறுப்பில் 15வது நகர்த்தலுக்குள் நேரத்தைத் தீர்த்துவிடுகிறான் என்பதெல்லாம் ஒரு மாலையில் தெரிந்துவிடும். ஆட்டங்கள் மூன்று அக்கவுண்டில் சிதறிக் கிடந்தால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

பொண்ணு பேருன்னு பாத்ததும் சாட்ல அசிங்கமா எழுதறாங்க மேடம். பேர் மாத்தி வேற அக்கவுண்ட்ல ஆடட்டுமா?

தாராளமாக. இதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன் இதைச் செய்யுங்கள்: அந்தப் பேச்சை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள், பிளாக் செய்யுங்கள், சாட்டையும் செய்தி அனுப்பும் வசதியையும் மூடுங்கள். செஸ் ஆட சாட் தேவையே இல்லை.

பிறகு பழைய அக்கவுண்டை மூடிவிட்டுப் பெயரில் ஆணா பெண்ணா என்று தெரியாத ஒன்றைத் திறங்கள். பழையதை மூடிவிடுவதால் எந்தத் தளத்திலும் விதிச் சிக்கல் வராது. லிசெஸ்ஸில் யூசர்நேமை மாற்ற முடியாது, எழுத்துகளைப் பெரிய எழுத்து சின்ன எழுத்தாக மாற்றலாம், அவ்வளவுதான். அதனால் அங்கே புதிது திறப்பதுதான் வழி. தவறு செய்தவன் எங்கேயோ இருக்க, ஒரு பெண் பிள்ளை தன் ரேட்டிங்கையும் ஆட்டங்களையும் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கோபம் வருகிறது. ஆட்டங்களையாவது மூடுவதற்கு முன் பதிவிறக்கிக் கொடுங்கள். இதற்காக அவள் ஆடுவதை நிறுத்திவிடக் கூடாது.

யூட்யூப்ல பெரிய ஆட்டக்காரங்க கீழ இருந்து ஸ்பீட்ரன் பண்றாங்களே, நாம பண்ணா மட்டும் என்ன?

ஸ்பீட்ரன் என்றால் புது அக்கவுண்டில் கீழிருந்து தொடங்கி வேகமாக மேலே ஏறிக் காட்டுவது. அவர்கள் செஸ் டாட் காமிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அதற்கென்று தனி அக்கவுண்டில் ஆடுகிறார்கள். அவர்களிடம் தோற்றவர்களுக்கு இழந்த புள்ளிகள் திரும்பக் கிடைத்துவிடும். நாமாகவே செய்தால் இரண்டும் கிடையாது.

புள்ளி போனால் என்ன என்று நினைக்கலாம். கணக்கைப் பாருங்கள்: ரேட்டிங்கில் 200 வித்தியாசம் இருந்தால் பலசாலி நூறு ஆட்டத்தில் சுமார் 76 ஆட்டப் புள்ளி (வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை) எடுப்பார், 400 என்றால் சுமார் 91. 1900 பலம் உள்ளவர் 1300 என்ற எண்ணோடு உட்கார்ந்தால் எதிரே இருக்கிறவருக்கு நடப்பது ஆட்டமே இல்லை. கே.ஆர்.புரத்தில் ஏறி கெங்கேரி வருவதற்குள் மெட்ரோவில் இரண்டு ஆட்டம் ஆடலாம் என்று ஆசையாகத் திறந்தவராக இருப்பார் அவர். தன்னால் ஏன் முடியவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். ஸ்பீட்ரன் ஆசை இருந்தால் தளத்தில் இருக்கிற கணினி ஆட்டக்காரர்களோடு ஆடுங்கள், ஒவ்வொரு மட்டத்திலும் ஒன்று இருக்கிறது.

1600க்குக் கீழ இருக்கறவங்களுக்கு மட்டும் ஆன்லைன் போட்டி, நல்ல பரிசு. என் இன்னொரு அக்கவுண்ட் 1550ல இருக்கு. அதுல சேந்துக்கலாமா?

கூடாது. இதைச் சாண்ட்பேக்கிங் என்பார்கள், எல்லாத் தளங்களும் தடை செய்த விஷயம். வேண்டுமென்றே தோற்று எண்ணை இறக்குவதும், இறங்கிக் கிடக்கிற இன்னொரு அக்கவுண்டை எடுப்பதும் ஒன்றே. அந்தப் பரிசு உண்மையாகவே 1550இல் இருக்கிற ஒருவருக்காக வைத்தது. அவரிடமிருந்து அதை எடுப்பது பணத்தை எடுப்பதுதான். போட்டி நடத்துகிறவரிடம் உங்கள் உயர்ந்த ரேட்டிங்கைச் சொல்லி, மேல் பிரிவு இருந்தால் அதில் சேருங்கள்.

மேக்னஸ் கார்ல்சனே ஏகப்பட்ட பேர்ல ஆடியிருக்காரே அக்கா?

உண்மை. உலக சாம்பியனாக இருந்தபோதே லிசெஸ்ஸில் டாக்டர் டிரங்கன்ஸ்டீன், டேனி த டாங்கி, டாக்டர் நைக்டர்ஸ்டீன் என்றெல்லாம் பெயர் வைத்து ஆடினார். பட்டம் பெற்றவர்களுக்கான லிசெஸ் போட்டிகளையும் அப்படி வென்றிருக்கிறார்.

முதல் பதிலில் சொன்ன அளவுகோலை இதில் வைத்துப் பாருங்கள். அவர் ஆடியது பல அக்கவுண்டுகளை அனுமதிக்கிற தளத்தில். பெயருக்கு முன்னால் ஜி.எம். என்ற பட்டம் இருந்தது, தளத்துக்கு அவர் யார் என்று தெரியும். எதிரே உட்கார்ந்தவருக்கும் தன் முன்னால் இருப்பது ஒரு கிராண்ட்மாஸ்டர் என்று தெரியும், ரேட்டிங்கும் உச்சியில் நின்றது. பெயர் மறைந்தது, பலம் மறையவில்லை. உங்களாலும் இதே நிபந்தனைகளோடு ஆட முடிந்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

எஞ்சின் பாத்ததா சொல்லி பையனோட அக்கவுண்ட மூடிட்டாங்க. புதுசு திறந்து கொடுத்துடவா?

உடனே திறக்காதீர்கள். தடைக்குப் பிறகு சொல்லாமல் திறக்கிற அக்கவுண்ட் இரண்டாவது விதிமீறல், அதையும் மூடுவார்கள். முதலில் பையனோடு உட்கார்ந்து, கத்தாமல் கேளுங்கள். செய்யவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள், இரண்டு தளங்களிலும் அதற்கு வழி இருக்கிறது. செய்திருந்தால் அதிலேயே உள்ளதை எழுதச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்கிறவர்களுக்குச் செஸ் டாட் காம் இரண்டாவது வாய்ப்பு தருவதுண்டு. அப்படி அனுமதியோடு திறக்கிற அக்கவுண்ட் நேர்மையான அக்கவுண்ட்.

2021 ஜூனில் விஸ்வநாதன் ஆனந்த் கொரோனா நிவாரணத்துக்காகப் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடினார். அதில் நம்ம பெங்களூரு தொழிலதிபர் ஒருவர் கணினி உதவியோடு ஜெயித்துவிட்டு, மறுநாளே அதை வெளியில் ஒப்புக்கொண்டார். மூடப்பட்ட அவருடைய அக்கவுண்ட் பிறகு திறக்கப்பட்டது. பெரியவர்களே தடுக்கி விழுகிற இடம் இது. பத்து வயதுப் பையனை ஜென்மத்துக்கும் திருடன் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். ரேட்டிங் ஏறாவிட்டால் வீட்டில் முகம் சுளிக்கிறோமா என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். பல பிள்ளைகள் எஞ்சினைத் திறப்பது அந்தப் பயத்தில்தான்.

சேலத்துல இருக்கும்போது பொண்ணுக்கு ஃபிடே ஐடி எடுத்தோம். இப்ப பெங்களூரு வந்துட்டோம், புதுசு எடுக்கணுமா?

வேண்டாம். ஃபிடே ஐடி ஆளுக்கு ஒன்று, ஆயுளுக்கும் அதேதான். ஊர் மாறினாலும், நாடே மாறினாலும் எண் மாறாது. நீங்கள் மாற்ற வேண்டியது மாநிலச் சங்கப் பதிவை மட்டும். தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகாவுக்கு மாற்றிக்கொள்ள என்ன நடைமுறை என்று, அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே சங்கத்தில் கேட்டுவிடுங்கள்.

பெயரின் எழுத்து மாறியதாலோ இனிஷியல் முன்னால் பின்னால் போனதாலோ சிலருக்குத் தவறுதலாக இரண்டு ஐடி வந்துவிடும். நம் இனிஷியல் பழக்கத்தால் தமிழ்ப் பிள்ளைகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அகில இந்திய செஸ் கூட்டமைப்பு வழியாக ஒன்றாக்கச் சொல்லுங்கள், அதுவரை ரேட்டிங் இருக்கிற பழைய எண்ணிலேயே ஆடட்டும்.

எங்க ஆஃபீஸ் ஆன்லைன் டோர்னமெண்ட்ல ஒருத்தரே ரெண்டு பேர்ல ஆடறார்னு நல்லா தெரியுது. குரூப்ல போட்டு கேக்கட்டுமா?

குரூப்பில் போடாதீர்கள். நல்லா தெரியுது என்று நினைத்தது பல முறை தவறாகவும் இருக்கும். ஒரே அலுவலக வைஃபையில் எல்லாருக்கும் ஒரே இணைய முகவரிதான் தெரியும், ஒரே வீடியோ பார்த்துக் கற்றவர்கள் ஒரே ஓப்பனிங்கைத்தான் ஆடுவார்கள். ஆட்டங்களின் இணைப்பை எடுத்து, நடத்துகிறவருக்குத் தனியாக அனுப்புங்கள். தளத்திலும் ரிப்போர்ட் செய்யுங்கள். சாதனம், நேரம், ஆடும் விதம் என்று உங்களுக்குத் தெரியாத விவரங்கள் அவர்களிடம் இருக்கும்.

அடுத்த முறை நடத்தும்போது ஊழியர் பெயரையும் யூசர்நேமையும் பதிவிலேயே சேர்த்து வாங்கி, பட்டியலை எல்லாரும் பார்க்கிற மாதிரி முதல் சுற்றுக்கு முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் அப்படித்தான் செய்கிறோம், இந்தப் புகாரே வருவதில்லை.